சூடு தெரியாத கால்

டாக்டர் இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிட்டுப் போவதை, நோயாளிக்குப் புரிகிற தமிழில் அரை மணி நேரம் திருப்பிச் சொல்வதுதான் என் தொழில். கோயமுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் சர்க்கரை நோய்ப் பிரிவில், ரத்தம் எடுக்கிற இடத்துக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே எனக்கு ஒரு சின்ன அறை கொடுத்திருக்கிறார்கள். ஒரு மேஜை, நாலு நாற்காலி, பிளாஸ்டிக்கில் செய்த ஒரு பாதம். கதவில் ‘ஆலோசகர்’ என்று எழுதியிருக்கிறது. வருகிறவர்கள் யாரும் அதைப் படிப்பதில்லை. ‘பேசற சிஸ்டர்’ என்று கேட்டால் வாட்ச்மேன் கூட வழி காட்டிவிடுவார்.

முன்னே நர்ஸாக இருந்தேன். ஊசி போடுவது எவ்வளவு சுகமான வேலை என்பது இந்த நாற்காலிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. ஊசிக்குக் கையை நீட்டுகிறவர்கள் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. உங்கள் வீட்டிலும் சர்க்கரைக்காரர் ஒருத்தர் இருப்பார். ‘ஒரே ஒரு துண்டுதானே’ என்று அவர் கையை நீட்டும்போது நீங்கள் தட்டை நகர்த்தி வைத்திருப்பீர்கள், அதற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். ஆக, நீங்களும் நானும் ஒரே கட்சி. நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

எங்க காட்டுச் சர்க்கரை

கவுந்தப்பாடிப் பக்கமிருந்து ஒரு அம்மா வந்தார். சொந்தக் கரும்புக் காடு, சொந்த ஆலை. ரத்தத்தில் சர்க்கரை தாறுமாறாக ஏறிக் கிடந்தது. காப்பிக்கு என்ன போடுகிறீர்கள் என்று கேட்டேன். “எங்கூட்ல சக்கரையே வாங்கறதில்லீங்க சிஸ்டர். பேரனுக்குக் கூட குடுக்கறதில்லை. எல்லாத்துக்கும் நாட்டுச் சக்கரைதானுங்க” என்றார் பெருமையாக. காலையில் இரண்டு டம்ளர் காப்பி, பதினொரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒறம்பரை, அதாவது விருந்தாளி, யாராவது வந்தால் அவர்களுக்குத் துணையாக இன்னொன்று. அந்த வீட்டுக்கு ஒறம்பரை வராத நாளே கிடையாதாம்.

நான் என் பாட்டை ஆரம்பித்தேன். வெள்ளைச் சர்க்கரையோ, நாட்டுச் சர்க்கரையோ, வெல்லமோ, கருப்பட்டியோ, தேனோ, குடலைத் தாண்டி ரத்தத்துக்குள் போனதும் கிட்டத்தட்ட ஒரே சரக்குதான். அதைச் செலவழிக்க இன்சுலின் வேண்டும். இன்சுலின் சுரப்பது குறைந்துபோனாலும், சுரந்ததற்கு உடம்பு கட்டுப்படாமல் போனாலும், சர்க்கரை ரத்தத்திலேயே தேங்கிவிடும். நாட்டுச் சர்க்கரையில் கொஞ்சம் இரும்புச் சத்து கூடுதலாக இருக்கலாம். அதற்காகக் கணையம் அதற்குத் தனி மரியாதை எதுவும் கொடுப்பதில்லை. இவ்வளவையும் அந்த அம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். எழுந்து போகும்போது பையிலிருந்து ஒரு பெரிய பொட்டலத்தை எடுத்து என் மேஜை மேல் வைத்தார்.

“வெள்ளச் சக்கரையத் தின்னு தின்னுதான் சிஸ்டர் உங்க மூஞ்சி இப்படி வாடிக் கெடக்குது, இதப் போட்டுக் குடிச்சுப் பாருங்க.”

சட்டைப் பை

காந்திபுரத்தில் மிக்ஸி, கிரைண்டர் விற்கிற கடைக்காரர் ஒருவர். ஒவ்வொரு தடவையும் வெறும் வயிற்றுப் பரிசோதனையில் அழகாகத் தேறிவிடுவார். ஆனால் உடம்பு இளைத்துக்கொண்டே போனது, கண் மங்கிக்கொண்டே வந்தது. ரகசியம் பெரிதாக ஒன்றுமில்லை. பரிசோதனைக்கு நாலு நாள் இருக்கும்போது கம்பங்கஞ்சிக்கும் கீரைக்கும் மாறிவிடுவார். மாத்திரையை மறக்காமல் போடுவார், ரேஸ்கோர்ஸைச் சுற்றி நடப்பார். ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் நேராக பேக்கரி.

இந்தத் தடவை டாக்டர் வேறொரு பரிசோதனையும் எழுதிவிட்டார். நம் ரத்தத்தின் சிவப்பணுக்களில் சர்க்கரை ஒட்டிக்கொள்ளும். அந்த அணு சாகும் வரைக்கும் ஒட்டினது போகாது. ஆகவே எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால், ஏறக்குறைய மூன்று மாதமாகச் சர்க்கரை எந்த மட்டத்தில் இருந்தது என்பது தெரிந்துவிடும். நாலு நாள் கீரை தின்று அதை அழிக்க முடியாது. நான் இதைச் சொல்லி முடித்ததும் அவர் மெஷினில் கோளாறு இருக்கும் என்றார். பக்கத்தில் அதுவரைக்கும் வாயைத் திறக்காமல் இருந்த அவர் மனைவி என் பக்கம் திரும்பினார்.

“இப்படி ஒரு டெஸ்ட் இருக்கறது தெரிஞ்சிருந்தா, இத்தன வருசமா இவரு சட்டப் பையில முட்டாய் காயிதம் தேடிட்டு இருந்திருக்க மாட்டனுங்க சிஸ்டர்.”

பூ மேல நடந்தாப்ல

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற கதை. வேலுச்சாமி அண்ணனுடையது அப்படியில்லை. பவானிக்கு அந்தப் பக்கம் மஞ்சளும் கரும்பும் போடுகிற விவசாயி. அறுபதைத் தொட்டுக்கொண்டிருப்பார். மனைவி சரஸ்வதி அக்காவோடு என் அறைக்கு நன்றாக நிமிர்ந்து நடந்து வந்தார். அப்படி நடந்ததுதான் கெட்ட அறிகுறி. இடது பாதத்தில் இருந்த புண்ணுக்கு வேறு யாராக இருந்தாலும் காலைத் தரையில் ஊன்றியிருக்க முடியாது. அடிப்பாதம் முழுக்கக் கொப்புளம் உடைந்த சதை, சுண்டு விரலும் அடுத்த விரலும் கருத்துப் போயிருந்தன, துணிக்கட்டைப் பிரிக்கும் முன்பே வாடை வந்தது. டாக்டர் பார்த்துவிட்டார். மேற்கொண்டு செய்ய வேண்டியதை விளக்கச் சொல்லி என்னிடம் அனுப்பியிருந்தார்.

எப்படி ஆனது என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் அண்ணன்தான் சொன்னார். மாசியில் அவர்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் குண்டம். நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: விரதம் இருந்து, கையில் காப்புக் கட்டி, நீளமான குழியில் பரப்பிய தணல் மேல் வெறுங்காலோடு நடப்பது. அண்ணன் இளவட்டமாக இருந்த நாளிலிருந்து வருஷம் தவறாமல் இறங்குகிறவர். இந்த வருஷம் தனி வேண்டுதல் வேறு. அவருடைய ஒரே மகள் கவிதா, கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்து இப்போதுதான் உண்டாகியிருக்கிறாள். இரண்டு தடவை நிற்காமல் போன பிறகு இது நின்றிருக்கிறது. நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று ஆத்தாளுக்கு நேர்ந்துகொண்டு இறங்கியிருக்கிறார்.

“எல்லா வருசமும் சித்த சுடுமுங்க அம்மிணி, வெசயா எட்டு வெச்சு ஏறிருவம். இந்த வருசம் பூ மேல நடந்தாப்ல இருந்துச்சு. மொள்ள நடந்தே ஏறினேன். சனமெல்லாம் என்ர கால்ல உளுந்து கும்புட்டுது” என்றார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மூன்றாம் நாள் சரஸ்வதி அக்கா தரையில் ஈரக் கால்தடம் பார்த்திருக்கிறார். கொப்புளம் உடைந்து நீர் வடிந்த தடம். அப்போதும் அவருக்கு வலியே இல்லை. உடனே ஆஸ்பத்திரிக்கு வராமல், மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துக் கட்டி, செருப்புப் போடாமல், யார் கண்ணிலும் படாமல் இரண்டு வாரம் ஓட்டியிருக்கிறார்கள். எதற்காக மறைத்தீர்கள் என்று கொஞ்சம் கடுப்பாகவே கேட்டுவிட்டேன். சரஸ்வதி அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“விரதம் சுத்தமா இருந்தவியளுக்குச் சுடாதும்பாங்க, சுட்டுப்போச்சுன்னு தெரிஞ்சா ஆத்தா ஏத்துக்கலைன்னு ஆயிருமுங்க, அது எங்க புள்ள காதுல உளுந்தா அவ என்னத்துக்கு ஆவாளுங்க?”

நைலான் நூல்

என் மேஜை டிராயரில் ஒரு சின்ன கருவி இருக்கிறது. கருவி என்றால் ஒன்றும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பிடி, அதன் முனையில் தூண்டிலில் கட்டுகிற மாதிரி ஒரு நைலான் நூல். அந்த நூலின் நுனியைப் பாதத்தில் வைத்து லேசாக வளையும் அளவுக்கு அழுத்த வேண்டும். நோயாளி கண்ணை மூடிக்கொண்டு, தொடுவது தெரிகிறபோது ‘தெரியுது’ என்று சொல்ல வேண்டும். நல்ல நரம்பு உள்ள கால் சட்டென்று சொல்லிவிடும். சிலருக்குக் கூச்சமே வந்துவிடும்.

புண் இல்லாத வலது காலை நாற்காலி மேல் வைக்கச் சொன்னேன். அண்ணன் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கண்ணை இறுக மூடிக்கொண்டார். கட்டை விரல், சுண்டு விரல், விரல்களுக்குக் கீழே உள்ள மேடு, நடுப்பாதம், குதிகால், எல்லா இடத்திலும் நூலை வைத்து அழுத்தினேன். ஒரு சுற்று முடித்து இன்னொரு சுற்றும் வந்தேன். சரஸ்வதி அக்கா நூலையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் நூலை எடுத்து டிராயரில் வைத்து மூடினேன். அண்ணன் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

“எப்பங்க அம்மிணி ஆரம்பிக்கப் போறீங்க?”

கட்டிவிட்ட ரிலே

இப்போது அவருக்கு விளக்க வேண்டும். நரம்பு, நுண்ணிய ரத்தக்குழாய் என்று ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் மரியாதைக்காகத் தலையாட்டிக்கொண்டிருப்பார். ஆகவே மோட்டாரிலிருந்து ஆரம்பித்தேன். போர்வெல் மோட்டார் சூடேறினால் ஸ்டார்ட்டரில் இருக்கிற ரிலே விழுந்து கரண்டை நிறுத்தும் இல்லீங்களா என்றேன். “ஆமாங்க” என்றார். அடிக்கடி விழுகிறது என்று அந்த ரிலே விழாதபடி கட்டிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். “நானே கட்டி உட்டிருக்கறனுங்க. கரும்பு காயுதேன்னு. ரெண்டு நாள் நல்லா ஓடுச்சு. அப்பறம் மோட்டார் காயிலே கருகிப்போச்சு” என்றார்.

வலி என்பது உடம்பின் ரிலே. சூடு பட்டால், முள் குத்தினால், செருப்பு கடித்தால் ‘காலை எடு’ என்று சொல்கிற வேலை அதனுடையது. வருஷக்கணக்காகச் சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தால் நரம்பு கெட்டுப்போகும். உடம்பிலேயே நீளமான நரம்பு காலுக்குப் போகிற நரம்பு, அதனால் பாதம்தான் முதலில் மரத்துப்போகும். சிலருக்கு எரிச்சல், ஊசி குத்துகிற மாதிரி, எறும்பு ஊர்கிற மாதிரி என்று முன்னறிவிப்பு கொடுக்கும். சிலருக்குச் சத்தமே இல்லாமல் போய்விடும். காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடப்பார்கள். தணலைச் சீக்கிரமாகக் கடக்கிறவர்களின் கால் சூட்டைத் தெரிந்துகொண்டுதான் வேகமாக எட்டு வைக்கிறது. தெரியாத கால் மெதுவாக நடக்கும். அண்ணன் சர்க்கரை மாத்திரையை ‘உடம்பு நல்லாத்தானே இருக்குது’ என்று நிறுத்திப்போட்டுப் பல வருஷம் ஆகிவிட்டதாம்.

உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால் தினமும் அவர் அடிப்பாதத்தைப் பாருங்கள், குனிய முடியாவிட்டால் கண்ணாடியைக் கீழே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்குள்ளேயும் செருப்பு. வெந்நீர் சூடா என்று காலை விட்டுப் பார்க்கக் கூடாது, கையை விட்டுப் பார்க்க வேண்டும். வலிக்காத புண்ணுக்குத்தான் அவசரமாக ஓடி வர வேண்டும். இதையெல்லாம் அண்ணனிடமும் சொன்னேன். அவர் அதில் பாதியைக் கூடக் காதில் வாங்கியிருக்க மாட்டார். பிளாஸ்டிக் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் ஒன்று கேட்டார்.

“அப்ப ஆத்தா என்னைய ஏந்திக்கலீங்களா அம்மிணி?”

இரண்டு விரல்

ஆத்தாளைப் பற்றி எனக்குத் தெரியாதுங்க, நரம்பைப் பற்றித்தான் தெரியும் என்றேன். சொல்லிவிட்டு ஆபரேஷன் விஷயத்துக்கு வந்தேன். கருத்துப்போன இரண்டு விரல்களிலும் உயிர் இல்லை, எலும்பு வரைக்கும் கிருமி இறங்கிவிட்டது. ஸ்கேன் பார்த்ததில் பாதத்துக்கு ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, அது பெரிய அதிர்ஷ்டம். இப்போதே அந்த இரண்டையும் எடுத்து, அழுகின சதையைச் சுத்தம் செய்து, கிருமிக்கு மருந்தும் சர்க்கரைக்கு இன்சுலினும் கொடுத்தால் பாதம் நிற்கும். அதற்கென்று தைக்கிற செருப்பைப் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போகலாம், வரலாம். விட்டுவிட்டால் கிருமி மேலே ஏறும். அப்புறம் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரும். ரத்தத்தில் கலந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் மறுநாள் மத்தியானம் வரைக்கும்தான் காத்திருப்பேன் என்று சொல்லியிருந்தார்.

அண்ணன் முடியாது என்றார். குரலை உயர்த்தவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். விரலை எடுத்தால் ஊருக்குத் தெரியும். சுட்டதனால் எடுத்தார்கள் என்றால் விரதத்தில் குற்றம் என்பார்கள். நரம்பு செத்ததனால் சூடு தெரியவில்லை என்றால், அருள் இல்லை என்று ஆகிவிடும். எப்படிச் சொன்னாலும் வேண்டுதல் செல்லாது என்றுதான் கவிதா நினைப்பாள். ஏழு மாதக் கர்ப்பம், ஏற்கெனவே இரண்டைப் பறிகொடுத்தவள், ராத்திரியெல்லாம் தூங்காமல் பயந்து கிடப்பாள். திருப்பூரில் இருக்கும் அவளுக்கு இதுவரை எதுவும் சொல்லவில்லை. வீடியோவில் கூப்பிட்டால் முகத்தை மட்டும் காட்டிவிட்டு வைத்துவிடுகிறாராம். அவளிடம் நானும் மூச்சு விடக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். நோயாளி வேண்டாம் என்றால் மகளாக இருந்தாலும் நாங்கள் சொல்ல முடியாது, அது எங்கள் விதி.

எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாகப் பாவமாக இருந்தது. பிரசவத்துக்கு இன்னும் இரண்டு மாசம் இருக்கிறது, கால் அதுவரைக்கும் தாங்காது என்று இன்னொரு தடவை பொறுமையாகச் சொன்னேன். அவர் எழுந்து கைகூப்பினார்.

“புள்ளைக்குக் கொழந்த பொறக்கட்டுமுங்க அம்மிணி, அதுக்கப்பறம் ரெண்டு காலையுமே எடுத்துக்கங்க.”

இரண்டு பதில்

கிருமிக்கு மருந்தாவது ஏறட்டும் என்று அவரை வார்டுக்கு அனுப்பிவிட்டேன். சரஸ்வதி அக்கா மட்டும் கதவோரம் நின்றார். “நான் கவிதாவக் கூப்புடட்டுங்களா?” என்று மெதுவாகக் கேட்டார். அது உங்கள் வீட்டு விஷயமுங்க அக்கா, நான் ஒன்றும் சொல்ல முடியாது, நாளை மத்தியானம் வரைக்கும்தான் நேரம் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள் என்றேன். அவர் போனை இடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டே போனார்.

அவர் போன கையோடு ஒப்பணக்கார வீதியில் அத்தர் கடை வைத்திருக்கிற பாய் உள்ளே வந்து உட்கார்ந்தார். எனக்கிருந்த மனநிலையில் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. ஆனால் எங்கள் தொழிலில் அடுத்த நாற்காலிக்கு முந்தின நாற்காலியின் கவலையைக் காட்டக் கூடாது. நோன்பு தொடங்க இரண்டொரு நாள்தான் இருந்தது. மாத்திரையை எப்படி மாற்றுவது என்று கேட்க வந்திருந்தார். டாக்டர் எழுதித் தந்த மாற்றத்தை விளக்கினேன். பகல் முழுக்கச் சாப்பிடாமல் இருக்கும்போது சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். வியர்த்துக் கொட்டுவது, கை நடுங்குவது, படபடப்பு, கண் இருட்டுவது, இதில் எது வந்தாலும் உடனே விரலில் குத்திப் பார்க்க வேண்டும். இறங்கியிருந்தால் அந்த இடத்திலேயே நோன்பை முடித்துக்கொண்டு சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வேண்டும். சாயங்காலம் நோன்பு திறக்கும்போது கஞ்சியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், சமோசா, ரோஸ்மில்க் என்று அடுக்கிக்கொண்டே போகக் கூடாது.

பாய் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். விரலில் குத்தி ரத்தம் எடுத்தால் நோன்பு முறியுமா என்று கேட்டார். முறியாது என்றுதான் நிறையப் பேர் சொல்கிறார்கள், எதற்கும் உங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

“அவர்கிட்ட கேட்டா டாக்டரக் கேளுங்கறாரு, உங்ககிட்ட கேட்டா அவரக் கேளுங்கறீங்க, நடுவுல என்ர சுகர்தானம்மா ஏறுது.”

கவிதா

மறுநாள் காலை பத்து மணிக்கு அந்தப் பெண் வந்துவிட்டாள். மாப்பிள்ளை காரை நிறுத்தப் போயிருந்தார். ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, மூச்சு வாங்க, அப்பாவின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்த அம்மாவுக்கு முன்னாலேயே என் அறைக்குள் நுழைந்தாள். வேலுச்சாமி அண்ணன் தோள் துண்டை எடுத்துக் கட்டுப் போட்ட காலை மூடிக்கொண்டார். சரஸ்வதி அக்கா யாரையும் பார்க்காமல் சுவரோரமாக நின்றார். “எல்லாத்தையும் சொல்லுங்க சிஸ்டர். எதையும் மறைக்க வேண்டாம்” என்றாள் கவிதா. நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் சம்மதம் இல்லாமல் நான் வாயைத் திறக்க முடியாது. மகள் நாற்காலியை இழுத்து அவர் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள். இனி மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. “சொல்லுங்க அம்மிணி” என்றார்.

சொன்னேன். சர்க்கரை, நரம்பு, சூடு தெரியாமல் போனது, மெதுவாக நடந்தது, கொப்புளம், கிருமி, இரண்டு விரல், மத்தியானம் வரைக்கும் நேரம். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவரை விடப் பரிதாபமாக இருந்தது அவர் முகம். கவிதா ஒரு கேள்வியும் கேட்காமல் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். இந்தப் பெண் இப்போது அழுதால் என்ன செய்வது, மயங்கினால் பிரசவ வார்டுக்குப் போன் செய்யலாமா என்று நான் உள்ளுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் அழவில்லை. அப்பாவிடம் திரும்பினாள்.

“ஏனுங்கப்பா, நல்லாச் சுட்டிருந்தா பாதியிலயே வெளிய ஏறியிருப்பீங்களா?”

அண்ணன் தலையை நிமிர்த்தினார். அந்தக் கேள்வியே அவருக்கு அவமானமாக இருந்தது போல. “அதெப்படிக் கண்ணு ஏறுவேன்? உனக்கு நேந்துக்கிட்டு எறங்கிப்போட்டு? வெந்தே போனாலும் கடைசி வரைக்கும் நடந்துதான் ஏறியிருப்பேன்” என்றார்.

கவிதா குனிய முடியாமல் குனிந்து, அவர் காலை மூடியிருந்த துண்டை எடுத்து மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம்தான் என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது, குரல் மட்டும் பிசகவில்லை.

“வெரல எடுக்கச் சொல்லுங்க சிஸ்டர். சுட்டாலும் நடந்திருப்பாருன்னு எனக்கே தெரியுது, ஆத்தாளுக்குத் தெரியாமயா இருக்கும்?”

அண்ணன் கையெழுத்துப் போடப் பேனா கேட்டு என் பக்கம் கையை நீட்டினார். மத்தியானம் ஆபரேஷன் முடிந்தது. இரண்டு விரல் போயிற்று, பாதம் நின்றது.

நரம்பு எப்படிச் சாகிறது என்று விளக்கத்தான் எனக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள், அதற்கு மேல் விளக்க வேண்டியதை வீட்டு ஆட்களே வந்து விளக்கிக்கொள்வதால்தான் என் பிழைப்பு ஓடிக்கொண்டிருக்கிறது.